ஆன் ஹாத்தவே வீட்டில் எது பழையது?

2019 மார்ச் 2: கேள்வி

ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே பிறந்து வளர்ந்த கூரை வீட்டைப் பார்க்க, இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷாட்டரி கிராமத்துக்குப் போய்வந்தேன். விவரம் கேட்கக் கேட்க ஏமாற்றமாகிவிட்டது. 1463-இல் கட்டிய வீட்டில் இன்று மிச்சமிருப்பது கீழ்ப்பக்கத்துச் சில அறைகள்தாம். மேட்டுப் பகுதி பின்னால் சேர்த்தது. புகைபோக்கிகள் பின்னால் வந்தவை. கூரையை எத்தனை தடவை மாற்றினார்களோ தெரியாது. 1969-இல் தீப்பிடித்து மறுபடியும் சீர்செய்திருக்கிறார்கள். அப்படியானால் இது பழைய வீடா, பழைய வீட்டின் பெயரில் நிற்கும் புதிய வீடா? சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட்டு 1463-இல் இருந்தபடி வைத்திருந்தால் அல்லவா அது வரலாறு?

மார்ச் 2, இரவு: பதில்

எடுத்துவிட்டால் அங்கே வீடு இருக்காது. நான்கைந்து மரங்கள் நிற்கும், அவ்வளவுதான்.

கேட்டவர் மேல் கோபமில்லை. ஆனால் இந்தப் பேச்சைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. 2010 முதல் ஆறு ஆண்டுகள் கவன்ட்ரியில் இருந்தேன். பழைய மரச்சட்ட வீடுகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் அளவெடுக்கும் வேலை. வார்விக்‌ஷயர் பண்ணை வீடுகளின் பரண்களில் தவழ்ந்து, டார்ச் வெளிச்சத்தில் விட்டம் விட்டமாக அளந்து படம் வரைந்தவன் நான். ஷாட்டரி வீட்டில் வேலை செய்ததில்லை. பார்வையாளனாக நான்கு முறை போயிருக்கிறேன்.

1463-இல் இருந்தபடி என்கிறீர்களே, அந்தக் காலத்துக் குடியானவர் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? நடுவில் ஒரு கூடம், ஒட்டினாற்போல் ஓரிரண்டு அறைகள். கூடத்துக்கு மேல் மச்சு கிடையாது. அண்ணாந்தால் முகடு தெரியும். புகைபோக்கியும் கிடையாது. நடுத்தரையில் அடுப்பு எரியும். புகை எழும்பிக் கூரையில் முட்டி, வேய்ந்த கோதுமைத் தாளுக்குள் கசிந்து வெளியேறும். சன்னலில் கண்ணாடி என்பது மிக அரிது.

இன்னொன்று. அந்த வீட்டை ஹாத்தவே குடும்பம் கட்டவில்லை. அங்கே முதலில் குடியேறிய ஹாத்தவே, ஆனின் தாத்தா ஜான். ஆடு வளர்த்துக் குத்தகைக்குப் பயிரிட்டவர். ஆன் 1623-இல் இறந்தபோது வயது 67 என்று கல்லறைக் கல் சொல்கிறது. அப்படியானால் அவர் பிறக்கும்போதே வீட்டுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. நீங்கள் கேட்கும் 1463-க்குத் திரும்பிப் போனால் ஹாத்தவே என்ற பெயரே அந்த வீட்டில் இருக்காது. பிறகு எதைப் பார்க்கப் பஸ் ஏறுவது?

மார்ச் 3

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். ‘காட்டேஜ்’ என்று எல்லாரும் சொல்வதால் குடிசை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அது குடிசை அல்ல. பன்னிரண்டு அறைகள் கொண்ட பண்ணை வீடு. ஆன் வாழ்ந்த காலத்தில் தொண்ணூறு ஏக்கருக்கு மேல் நிலம் சேர்ந்திருந்தது. அப்போதைய பெயர் நியூலேண்ட்ஸ் பண்ணை. ஹியூலேண்ட்ஸ் என்றும் அச்சில் வருகிறது, இரண்டையும் பார்த்திருக்கிறேன். ‘காட்டேஜ்’ என்பது பிற்காலத்துப் பார்வையாளர்கள் வைத்த செல்லப்பெயர். இந்தப் பெயரே ஒரு மாற்றம்தான். அதையும் எடுத்துவிடுவோமா?

மார்ச் 3, இரவு

‘நான்கைந்து மரங்கள்’ என்று நான் எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார்: அது என்ன அலட்சியம், அந்த மரங்கள்தானே வீட்டின் உயிர்? உண்மை. அலட்சியமாக எழுதவில்லை, ஆனால் படிக்க அப்படித்தான் இருக்கிறது. அந்த மரங்களுக்குரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன்.

அந்தச் சட்டத்தை ஆங்கிலத்தில் க்ரக் என்பார்கள். தமிழில் தனிப்பெயர் இல்லாததால் வளைமரம் என்று எழுதுகிறேன். இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரம் ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். அதை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தால் இடது கையும் வலது கையும் போல ஒரு சோடி கிடைக்கும். அடி நுனிகளைக் கீழே அகல ஊன்றி, மேல் நுனிகளை உச்சியில் சேர்த்து, குறுக்கே விட்டம் பூட்டினால் கும்பிடும் கைகளைப்போல நிற்கும். இப்படி ஒரு சோடி, சில அடி தள்ளி இன்னொரு சோடி. முகட்டு மரமும் பக்கவாட்டு உத்தரங்களும் அவற்றின்மேல் ஏறும், உத்தரங்களின்மேல் கைமரங்கள் சாயும். பிரிட்டனில் இப்படிப்பட்ட கட்டடங்கள் மூவாயிரத்துக்கும் மேல் கணக்கில் வந்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் மேற்கிலும் நடுநாட்டிலும் வடக்கிலும் நிறைந்திருக்கும் இந்த முறை, கிழக்கு ஆங்கிலியாவில் அநேகமாகக் கண்ணில் படுவதே இல்லை. காரணத்தைப் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த விவாதத்துக்கு முக்கியமானது இது: கூரையின் பாரம் வளைமரம் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடுகிறது. சுவர் எதையும் தாங்குவதில்லை. குச்சிகளைப் படல்போலப் பின்னி, களிமண்ணும் சாணமும் தாளும் குழைத்து அப்பிய சுவர் அது. மழை தின்றால் பெயர்த்துவிட்டு வேறு அப்பலாம். இரண்டு நூற்றாண்டு கழித்துச் செங்கல்லும் அடைக்கலாம். வீடு அசையாது. கட்டிய தச்சனே பின்னால் வருகிறவனுக்கு இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறான்.

பரணில் படுத்தபடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பொருத்துகளின் ஓரத்தில் கீறல்கள் தெரியும்: I, II, III, IIII. நான்குக்கு நான்கு கோடுதான், ரோமன் எண்ணைச் சுருக்கி எழுதுவதெல்லாம் தச்சனுக்கு ஆகாது, தலைகீழாகப் பார்த்தால் குழப்பிவிடும். பட்டறைத் தரையில் சட்டத்தைக் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் கீறி, கழற்றி, வண்டியில் ஏற்றி வந்து நிறுத்துவார்கள். ஒரு மரத்தின் நுனியில் நாக்குப்போல நீட்டிய கழுந்தின் துளையையும் அதை வாங்கும் மரத்தின் துளையையும் ஒரு நூல் அளவு வேண்டுமென்றே விலக்கித் துளைப்பார்கள். ஓக் ஆணியை அடிக்க அடிக்கப் பொருத்து தானே இறுகும். முதல்முறை அந்த ஆணித் தலையைத் தடவிப் பார்த்தபோது விரலை எடுக்க மனம் வரவில்லை.

மரம் பச்சையாகவே வேலைக்கு வரும். காய்ந்தபின் ஓக்கில் உளி ஏறாது. அதனால்தான் வளையங்களை எண்ணி மரம் வெட்டிய ஆண்டைக் கண்டுபிடித்தால் வீடு எழுந்த ஆண்டும் அநேகமாகக் கிடைத்துவிடுகிறது. வீடு கோணலாக நிற்கிறது என்று எல்லாரும் படம் எடுக்கிறார்களே, அந்தக் கோணலில் பெரும்பங்கு பச்சை மரம் காயும்போது திருகியது. கட்டியவர்கள் கண்முன்னே நடந்திருக்கும்.

மார்ச் 5

மச்சுக்கும் புகைபோக்கிக்கும் வருகிறேன். இவை இரண்டும் கணவன் மனைவிபோல, ஒன்றில்லாமல் ஒன்று வராது. கூடத்துக்குக் குறுக்கே மச்சு போட்டால் நடுத்தரை அடுப்பின் புகைக்கு வழி அடைபட்டுவிடும். முதலில் புகைக்கு வழி செய்தாக வேண்டும்.

1577-இல் எசெக்ஸ் பகுதிப் பாதிரியார் ஒருவர் தன் ஊர்க் கிழவர்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் வாழ்நாளில் மூன்று விஷயங்கள் தலைகீழாக மாறிவிட்டனவாம். ஒன்று, புதிதாக முளைத்த எண்ணற்ற புகைபோக்கிகள். இரண்டு, படுக்கை: முன்பு வைக்கோல் மெத்தையும் தலைக்கு ஒரு மரக்கட்டையும். மூன்று, மரத்தட்டுப் போய் வெள்ளீயத் தட்டு வந்தது. ஆனுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. இங்கிலாந்தின் கிராமத்து வீடுகள் முழுவதும் மாறிக்கொண்டிருந்த தலைமுறையில் அவர் வளர்ந்திருக்கிறார். புகைபோக்கி அந்த ஆண்டுகளின் புதுமோகம். பழைமையைக் கெடுத்த பிற்காலத் தொந்தரவு என்று அதை நினைப்பவர்கள் ஆனின் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டிருந்தால் திட்டு வாங்கியிருப்பார்கள். கண் எரியாமல் கஞ்சி குடிப்பது என்ன சாதாரண சுகமா?

அந்த வீட்டின் புகைபோக்கி ஒன்றில் I.H. 1697 என்று பொறித்த கல் இருக்கிறது. ஜான் ஹாத்தவே என்ற பின்தலைமுறைக்காரர் கட்டியது. அக்காலத்தில் ஜே-க்குப் பதில் ஐ எழுதுவது வழக்கம்.

மார்ச் 6

மேலே ‘1697-இல் கட்டியது’ என்று எழுதியது தவறு. சீர்செய்தது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆண்டு பொறித்த கல்லைக் கண்டால் அதுவே பிறந்தநாள் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு, அதை விட்டொழிக்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கல் சொல்வது, அந்த ஆண்டு ஒருவர் காசு செலவழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் என்பதை மட்டும்தான். கதவு நிலை, அடுப்பு உத்தரம், புகைபோக்கி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மார்ச் 9

மேட்டுப் பகுதி. கேள்வி கேட்டவர் இதைத்தான் முதலில் இடிக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

ஆனின் தந்தை ரிச்சர்டு 1581-இல் இறந்தார். மகளுக்குக் கல்யாண நாளில் கொடுக்கும்படி உயிலில் பத்து மார்க் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் கல்யாணம்: பெண்ணுக்கு 26, மாப்பிள்ளைக்கு 18. ஆன் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார். பின்னால் சகோதரர் பார்த்தலோமியூ 1610-இல் வீட்டை விலைக்கே வாங்கினார். அதுவரை குத்தகை. சொந்தமான பிறகுதான் மேட்டுப்பக்கம் வீடு நீண்டது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அடுத்தவன் வீட்டில் யார் காசு போடுவார்? மூன்று தலைமுறை குத்தகையில் இருந்துவிட்டு, பத்திரம் கைக்கு வந்ததும் ஒருவர் சுவரை நீட்டுகிறார். தோட்டத்தில் நின்று பார்த்தால் கூரை ஒரே மட்டமாக ஓடாமல் மேட்டுப்பக்கம் உயர்ந்து போகிறது அல்லவா? அந்த ஏற்றம் ஒரு குடியானவன் நிலக்காரன் ஆனதற்கான ரசீது. அதைக் கிழித்து எறிந்துவிட்டு எந்த வரலாற்றைக் காட்டுவது?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே வருபவர்கள் எடுக்கும் படங்களில் பாதி, ஆன் குடியிருந்தபோது இல்லாத பகுதியைத்தான் காட்டுகிறது. காதலித்த பெண் இந்தச் சன்னலில் நின்றாள் என்று யாராவது மேட்டுப் பக்கத்துச் சன்னலைக் காட்டினால் நம்பாதீர்கள்.

மார்ச் 10

மார்க் என்ன நாணயம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாணயமே கிடையாது, கணக்கில் மட்டும் இருந்த தொகை. ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ். பத்து மார்க் 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ்.

மார்ச் 14

கூரை. இதை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். வேய்பவர் ஒருவரோடு ஒரு கோடை முழுவதும் ஏணி பிடித்திருக்கிறேன், அரைகுறையாக எழுத விருப்பமில்லை.

முதலில் சொல். வைக்கோல் என்றால் நமக்கு நெல். இங்கே கோதுமைத் தாள். அதிலும் இரண்டு விதம். கதிரடித்த தாளை நனைத்து, நீவி, கலந்தாற்போல் கட்டுவது நெடுந்தாள் முறை. கூரை பார்க்கத் தலைவாரிய கிழவர்போல் தளர்ந்து தெரியும். தாளை உடைக்காமல் சீவி, அடிப்பக்கம் எல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கினால் வேறு முறை, பார்க்கக் கத்தரித்தாற்போல் இருக்கும். மூன்றாவது நீர்நாணல்: கிழக்கே நார்ஃபோக் சதுப்புகளில் விளைவது, இப்போது துருக்கியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலேறி வருகிறது.

தாளை நிறுத்திப் பிடிப்பது ஹேசல் என்ற புதர்மரத்தின் குச்சி. விரல் தடிமனில் பிளந்து, இரு நுனியும் கூராக்கி, நடுவில் இரு கையாலும் முறுக்கி மடக்கினால் கொண்டை ஊசி வடிவம் வரும். மடக்கும்போது நார் ஒடியக்கூடாது, முறுக்கத்தான் வேண்டும். என் முதல் நாள் இருபது குச்சிகளில் பதினேழு ஒடிந்தன. அந்த வேய்பவர் பேசிக்கொண்டே மடக்குவார், கண் குச்சியைப் பார்க்காது.

மழை கூரைக்குள் இறங்குவது மேலே ஓர் அங்குல அளவுக்குத்தான். சரிவு செங்குத்தாக இருப்பதால் தண்ணீர் தாளுக்குத் தாள் தாவி இறவாணத்தில் சொட்டிவிடும். அதனால் வெயிலும் மழையும் தின்பது மேல் தோலை மட்டும். உள்ளே இருப்பது காய்ந்தபடியே கிடக்கும். முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மேல்தோல் நைந்தால் அதைச் சீவியெடுத்துவிட்டு, பழைய அடுக்கின்மேலேயே புதிய தாளைக் குச்சியால் தைப்பார்கள். அடி அடுக்கை யாரும் தொடுவதில்லை.

‘எத்தனை தடவை மாற்றினார்களோ’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். நெடுந்தாள் கூரையை மாற்றுவது என்றால் சட்டையின்மேல் சட்டை போடுவது. டெவன் பகுதியில் சில வீடுகளில் அடி அடுக்கு இடைக்காலத்ததாகவே இருக்கிறது. திறந்த அடுப்பின் புகைக்கரி ஏறிக் கறுத்த தாள். அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் காலத்துக் கோதுமைக் கதிர், ரை என்ற தானியத்தின் கதிர், வயலில் முளைத்த களைகள்கூட அப்படியே இருப்பதைக் கண்டார்கள். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய வயல் ஒன்று கூரைக்குள் ஒளிந்திருக்கிறது.

கூரைக்கு நீர்நாணல் போடுவதென்றால் பெரும்பாலும் பழைய அடுக்குகளைக் கைமரம்வரை உரித்துவிடுவார்கள். நாணல் நீண்ட நாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் அந்த உரித்தெடுப்பில் போவது திரும்பி வராது. பழைய கூரைகளைக் காப்பவர்கள் தாளுக்குத் தாள்தான் என்று மல்லுக்கட்டுவது பிடிவாதத்தால் அல்ல. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் தாளை எடுத்துவிட்டு நாணல் போடுவதற்கு முன்அனுமதி கேட்கவேண்டி வருவதும் இதனால்தான்.

தாள் கிடைப்பதும் சுலபமல்ல. இன்றைய கோதுமை குட்டையானது. அறுவடை இயந்திரம் தாளை நொறுக்கிவிடும். உரம் கூடிப்போன தாள் சீக்கிரம் மக்கும். கூரைக்கென்றே நெடிய பழைய ரகங்களைச் சில விவசாயிகள் பயிரிட்டு, அறுத்துக் கட்டும் பழைய இயந்திரத்தால் அறுக்கிறார்கள். அந்தக் கட்டுகள் வயலில் சாய்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். கார்களை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும் ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

மார்ச் 15

தீ பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். கூரை வீட்டைப் பற்றிப் பேசினால் அது வராமல் இருக்காது.

லண்டனில் புதிதாகக் கூரை வேயக்கூடாது என்று 1212-இலேயே ஆணை வந்துவிட்டது. ஸ்ட்ராட்ஃபோர்டு நகரம் 1594-இலும் 1595-இலும் எரிந்தது. 1614-இல் இன்னொரு தீ, 54 வீடுகள் போயின. அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் தெருக்களில் ஒரு கூரை பிடித்தால் தெருவே பிடிக்கும். ஷாட்டரி அங்கிருந்து சுமார் ஒரு மைல், வீட்டைச் சுற்றித் தோட்டமும் வயலும். கூரை வீடுகள் கிராமத்தில் பிழைத்ததற்கு அழகுணர்ச்சி காரணமில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி காரணம்.

மாப்பிள்ளை ஷேக்ஸ்பியரின் நாடகக் கொட்டகையான குளோப் 1613-இல் எரிந்ததும் கூரையால்தான். மேடைக்காக வெடித்த பீரங்கியின் பொறி தாளில் விழுந்தது. யாரும் சாகவில்லை. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடித்ததாம், கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம். 1997-இல் லண்டனில் திறந்த புதிய குளோப்புக்கு நாணல் கூரைதான். தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் வைத்த பிறகே அனுமதி கிடைத்தது. 1666 லண்டன் பெருந்தீக்குப் பிறகு அந்த நகரத்தில் வேய்ந்த முதல் தாள்-நாணல் வகைக் கூரை அது.

1969 தீயைப் பொறுத்தவரை: ஷாட்டரி வீடு கடுமையாகச் சேதமடைந்தது, 1892 முதல் அதை வைத்திருக்கும் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை அதைச் சீர்செய்தது. எரிந்த வீட்டைச் சீர்செய்ததைக் குற்றம்போலக் கேள்வியில் எழுதியிருந்தார்கள். சாம்பலாகவே விட்டிருக்க வேண்டும் என்பீர்களா?

மார்ச் 15, இரவு

கடைசி வரி கடுமையாகிவிட்டது. கேட்டவர் அப்படிச் சொல்லவில்லை. மன்னிக்கவும்.

மார்ச் 19

கேட்டவரே பதில் எழுதியிருக்கிறார்: “மாற்றங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் வீடு என்கிறீர்கள். அப்படியென்றால் நாளைக்கு ஒருவர் அலுமினியச் சன்னல் வைத்தாலும் அதுவும் வரலாறுதானே?”

நல்ல அடி. நான்கு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், உடனே மறுக்க முடியவில்லை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். வார்விக்‌ஷயரில் வளைமரச் சட்டம் வைத்த பண்ணை வீடு, கூரை நன்றாக இருந்தது. சில பத்தாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு மேஸ்திரி மண்சுவரில் விரிசல் கண்டு, வெளிப்புறம் முழுவதும் சிமென்ட் பூசிவிட்டார். பார்க்கப் பளிச்சென்று இருந்திருக்கும். ஆனால் சிமென்ட் மூச்சு விடாது. விரிசலில் நுழைந்த மழைநீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்றது. நாங்கள் உளியால் ஒரு துண்டைப் பெயர்த்தபோது பின்னால் இருந்த அடிவிட்டம் ஈரமான காப்பித்தூள்போல உள்ளங்கையில் கொட்டியது. நானூறு ஆண்டு நின்ற ஓக். ஈரமான ஓக்கைத் தின்னும் வண்டு துளைத்த ஓட்டைகள் வேறு. சுண்ணாம்பு பூசியிருந்தால் ஈரம் வெளியே போயிருக்கும், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிக்கும் தொல்லை மட்டும்தான் மிச்சம்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது சோதித்துப் பார்க்கிறேன். அந்த மேஸ்திரி செய்ததும் மாற்றம். பார்த்தலோமியூ செய்ததும் மாற்றம். ஏன் ஒன்று மரியாதைக்குரியது, ஒன்று கொலை?

பழையவர்கள் எல்லாரும் பொறுப்பானவர்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பல வீடுகளில் மச்சு போட்ட பிறகு, அறைக்கு அறை குனியாமல் போவதற்காகக் குறுக்கு விட்டத்தையே நடுவில் அறுத்து வாசல் வைத்திருக்கிறார்கள். அந்த விட்டம்தான் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருந்தது. அறுத்த பிறகு சுவர் மெல்ல மெல்ல வெளியே தள்ளும். பதினேழாம் நூற்றாண்டுத் தச்சன் அறுத்ததும் தவறுதான். வயதாகிவிட்டதால் அது சரியாகிவிடாது.

மார்ச் 20

கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே இந்தச் சண்டையில்தான். அப்போது தேவாலயங்களில் பிற்காலத்தது என்று தோன்றியதையெல்லாம் சுரண்டியெடுத்து, ஏதோ ஒரு நல்ல நூற்றாண்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். திருப்பியபோது கிடைத்தது பழைய கட்டடம் அல்ல, அப்போதைய கட்டடக் கலைஞரின் கற்பனை. அழிந்தது உண்மை. கேள்வி கேட்டவர் சொல்லும் யோசனைக்கு அப்போதே பெயர் இருந்தது, மறுப்பும் இருந்தது.

என் இப்போதைய நிலை இது. மார்ச் 2-இல் எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். ஏற்கெனவே வந்து குடியேறிய மாற்றத்தை, அது மரத்தைத் தின்னாதவரை, இறக்கக்கூடாது. புதிதாக வரும் மாற்றம், பழையதை அறுக்காமல் அதன்மேல் உட்கார வேண்டும். பின்னால் வருகிறவன் வேண்டாம் என்று நினைத்தால் எடுக்க முடிய வேண்டும். படல் சுவரில் செங்கல் அடைத்தவன் இதைச் செய்தான். பழைய கூரையின்மேல் தாள் தைப்பவன் காலங்காலமாக இதைத்தான் செய்கிறான். சிமென்ட் பூசியவன் செய்யவில்லை. அலுமினியச் சன்னல் கண்ணை உறுத்தும், ஆனால் திருகைக் கழற்றினால் வந்துவிடும். அதனால் என் கணக்கில் அலுமினியம் சிமென்ட்டைவிடச் சிறிய பாவம். இதைப் படித்தால் என் பழைய சக ஊழியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஏப்ரல் 7

கேட்டவர் ஜூனில் மறுபடி ஷாட்டரி போகிறாராம், என்ன பார்க்கவேண்டும் என்று கேட்கிறார். இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்!

உள்ளே போவதற்கு முன் தோட்டத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். பூவைப் பார்க்காதீர்கள். முகட்டுக் கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள்; எங்கே உயரம் மாறுகிறதோ அங்கே குத்தகை முடிந்து சொந்தம் தொடங்குகிறது. மேல் சன்னல்களைச் சுற்றிக் கூரை புருவம்போல வளைந்து போவதைப் பாருங்கள். அந்த வளைவில் தாளை உட்காரவைப்பதுதான் வேய்பவரின் கைத்திறனுக்குச் சோதனை. பிறகு புகைபோக்கிகள், 1697-ஐத் தேடிக் கண்டுபிடியுங்கள். உள்ளே காட்சிக்கு வைத்திருக்கும் பழைய கட்டில் முன் கூட்டம் இருக்கும். அவர்கள் அதைப் பார்க்கட்டும், நீங்கள் வளைமரத்தைத் தேடுங்கள். தாழ்ந்த வாசல்களில் தலையைக் குனிந்துகொள்ளுங்கள். எவ்வளவு உயரமானவரானாலும் அந்த வீடு வணக்கம் வாங்காமல் விடாது.

அந்தக் குடும்பம் 1846-இல் பணமுடையால் வீட்டை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்தது. 1892-இல் அறக்கட்டளை வாங்கியபோதும் அந்த வம்சத்து மேரி பேக்கர் என்ற மூதாட்டி அங்கேதான் இருந்தார். வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு 1899-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். குத்தகை, சொந்தம், மறுபடி வாடகை, கடைசியில் வழிகாட்டி. கூடத்தில் நிற்கும்போது ஆனோடு சேர்த்து அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 8

சிமென்ட் பூசிய வீடு கடைசியில் என்ன ஆனது என்று ஒருவர் கேட்டிருந்தார், நேற்று விட்டுப்போயிற்று.

பூச்சை முழுவதும் உரித்தோம். மக்கிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டுப் பச்சை ஓக்கில் புதிய துண்டு செய்து, பழைய மரத்தோடு நாவும் பள்ளமுமாகக் கோத்து, ஓக் ஆணி அடித்தோம். நல்ல பாதியை யாரும் தொடவில்லை. மேலே படல் பின்னி மண் அப்பி, சுண்ணாம்பு. பூச்சு வேலை தொடங்கும் காலையில் எங்கள் மூத்த தச்சர் அந்தப் புதிய துண்டின் முன் மண்டியிட்டு உளியால் ஏதோ கொத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்: 2014. இன்னும் ஒரு மணி நேரத்தில் மண்ணுக்குள் மறைந்துவிடும் இடம். இது யாருக்கு என்று கேட்டேன்.

“அடுத்து இந்தப் பூச்சைப் பெயர்க்கப் போகிறவனுக்கு” என்றார். “பழைய மரம் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது, பாவம்.”